மேல ஒட்டிரலாம்

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் சாப்பாட்டு மேசையில் எத்தனை பிளாஸ்டிக் விரிப்புகள் இருந்தன என்று அவருக்கே தெரியாது. தீபாவளிக்குத் தீபாவளி பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் புதிதாக ஒன்று வாங்குவார். பழையதை எடுக்க மாட்டார். அதன் மேலேயே புதியதை விரித்து ஓரங்களை ஒட்டிவிடுவார். ஆப்பிள் படத்துக்குக் கீழே ரோஜாப்பூ, ரோஜாப்பூவுக்குக் கீழே திராட்சைக் கொத்து, அதற்கும் கீழே என்னவென்று பார்த்தவர் யாருமில்லை. அந்த மேசையில் கையை ஊன்றினால் மெத்தையில் ஊன்றியது போல அமுங்கும். தோசைத் தட்டு தானாக நம் பக்கம் சாய்ந்து வரும்.

நாட்காட்டியும் அப்படித்தான். பழைய வருடத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே புது வருடத்தை மாட்டுவார். ஒருநாள் ஆணி கனம் தாங்காமல் பெயர்ந்து, அத்தனை வருடங்களும் மொத்தமாக அண்ணன் தலையில் விழுந்தன. அண்ணன் என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. அவர் தலையைத் தடவிக்கொண்டே, வயசானது இப்பதான் தெரியுது என்றார். அக்கா பெரிய ஆணியாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அலோர் காஜாவில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகள். அவருக்கும் எனக்கும் ஒரே சுவர். அப்போது நான் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பகலில்தான் தூக்கம். அக்காவும் பகலில்தான் எதையாவது எதன் மேலாவது ஒட்டுவார். என் தூக்கத்தைக் கெடுத்ததில் அவருக்கு இணையாக இன்னும் ஒருவர் பிறக்கவில்லை.

கஞ்சத்தனம் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. புதியது வாங்கக் கணக்குப் பார்க்கிறவர் இல்லை அவர். எடுப்பதுதான் அவருக்கு ஆகாது. ஒருமுறை அவர் வீட்டுச் சுவரில் பெயிண்டு உரிந்து தொங்கியது. சுரண்டிவிட்டு அடிக்கலாமே அக்கா என்றேன். அவர் என்னை ஒரு பாவத்தைச் செய்யச் சொன்னவனைப் போலப் பார்த்தார்.

"சொரண்டுனா கீழ என்னா இருக்கும்னு யாருக்குத் தெரியும் தம்பி? இருக்கறது இருந்துட்டுப் போவட்டும். மேல ஒட்டிரலாம்."

பெயிண்டை ஒட்ட முடியாது, அடிக்கத்தான் முடியும். ஆனால் அக்காவின் வாயில் எல்லாமே ஒட்டுவதுதான். சண்டையைக் கூட அவர் அப்படித்தான் முடிப்பார். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தை அவர் கேட்காமல் கிளையோடு ஒடித்துவிட்டார் என்று என் மனைவிக்கும் அவருக்கும் ஒருமுறை பெரிய வாய்த்தகராறு. கொஞ்ச நாள் இருவருக்கும் பேச்சில்லை. பிறகு ஒரு மத்தியானம் அக்கா ஒரு கிண்ணம் நெத்திலி சம்பலோடு எங்கள் சமையலறையில் நின்றார். என் மனைவி, அன்னைக்கு நீங்க சொன்ன பேச்சு இருக்கே என்று ஆரம்பித்தாள். உப்பு பத்துதா பாரு என்றார் அக்கா. என் மனைவி சுவைத்துப் பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது. சண்டை அந்தச் சம்பலுக்குக் கீழே எங்கேயோ போய்விட்டது. அதைத் தோண்டி எடுக்க என் மனைவி பிறகும் சிலமுறை முயன்றாள். ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணம் வந்தது.

இப்படிப்பட்டவர் வீட்டுத் தரை எப்படி இருக்கும்? அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

வீடு கட்டிக் கொடுத்தபோது வெறும் சிமெண்டுத் தரை. அதன் மேல் அக்கா தீக்கார் கெத்தா விரித்தார். சுருட்டி விற்பார்களே, அந்த ரப்பர் விரிப்பு. அது கிழிந்ததும் டைல்ஸ் போட ஆசைப்பட்டார். வந்த கொத்தனார், விரிப்பைப் பிய்த்தெடுத்தால்தான் டைல்ஸ் பிடிக்கும் என்றார். அவரை அனுப்பிவிட்டு, கேள்வி கேட்காத இன்னொருவரைக் கூட்டி வந்து அந்த விரிப்பின் மேலேயே போட வைத்தார். தரை உயர்ந்தது. கதவுகளின் அடியைச் செதுக்கினார்கள். அண்ணன் நல்ல உயரம். தரை ஏற ஏற, கூடத்து மின்விசிறி அவர் தலையை நோக்கி இறங்கி வந்தது. அக்கா அவரைக் குனிந்து நடக்கச் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகள். கிளினிக்கில் தாதி. முப்பதைத் தாண்டிவிட்டாள். ஜாசின் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் மரியாதைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். கொளுத்துகிற வெயில். அந்தப் பெண் தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் கால் வைத்தாள். பட்டென்று ஒரு வெடி. நடுக்கூடத்தில் இரண்டு டைல்ஸ் கிளம்பி, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு கூரை போல நின்றன. கீழே ஒட்டாத டைல்ஸ் சூட்டில் கிளம்புவது இந்த ஊரில் எல்லாரும் அறிந்ததுதான். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா இரண்டு காலையும் நாற்காலிக்கு மேல் தூக்கிக்கொண்டார். தேநீர் குடித்தார்கள், வடை நன்றாக இருக்கிறது என்றார்கள், போனார்கள். மறுநாள் ஜாதகம் சரியில்லை என்று தகவல் வந்தது. ஜாதகம் பார்த்த பிறகுதான் அவர்கள் வந்ததே.

"மாப்பிள்ளைக்கு என்னெப் புடிச்சிதுமா. டைல்ஸுக்குத்தான் புடிக்கல," என்றாள் மகள்.

அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை. அன்று பகல் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதன் பிறகு கோலா சுங்கை பாருவிலிருந்து ஒரு பேச்சு வந்தது. வந்தது என்பதை விட மகளே கொண்டுவந்தாள் என்பதுதான் சரி. பையனை அவளுக்கு முன்பே தெரியும், பிடித்தும் இருந்தது. இது அமையவில்லை என்றால் இனிமேல் யாரையும் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதைச் செய்கிறவள். சிக்கல் பையனின் அம்மா. சடங்கு சம்பிரதாயத்தில் அந்த அம்மாவைப் போல ஓர் ஆளைக் காண முடியாது என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொன்னார்கள். வெற்றிலையின் நுனி தப்பான பக்கம் பார்த்து இருந்ததற்காக ஒரு வீட்டில் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தாராம்.

பெண் பார்ப்பதை அக்கா சாமர்த்தியமாகக் கோயிலில் வைத்துக்கொண்டார். கோயில் தரை வெடிக்காது. ஆனால் பரிசம் போட வீட்டுக்குத்தான் வர வேண்டும். அதற்குள் அந்தக் கூடத்தை ஏதாவது செய்தாக வேண்டும்.

வினைல் பலகை ஒட்டுகிற சீனர் ஒருவர் வந்து பார்த்தார். தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். எங்கே தட்டினாலும் கொட்டு அடித்தது போல் கேட்டது. எல்லாவற்றையும் உடைத்து அள்ளிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று மலாயில் சொன்னார். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் உடைக்கிற சத்தம் கேட்கவே கூடாது என்று அக்காவும் மலாயில் சொன்னார். சீனர் தலையைச் சொறிந்தார். கிளம்பியிருந்த டைல்ஸைப் பசை வைத்து அமுக்கி, பள்ளத்தை நிரவி, மேலே மெத்தைத் தாள் விரித்து, அதற்கும் மேலே மர நிறத்தில் வினைல் பலகைகளை அடுக்கினார். அழகாகத்தான் இருந்தது. முன் கதவைச் சாத்திவிட்டு அதன் ஓரத்தில் சிறிது இடம் மட்டும் விட்டு ஒட்டி முடித்தார். பின்வாசல் வழியாகக் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"பிந்து மாச்சாம் மானா, காக்?"

கதவை என்ன செய்வது அக்கா என்று கேட்கிறார். அடியை அறுக்க இயந்திரமும் கையிலேயே வைத்திருந்தார். பரிசத்துக்கு முந்தின நாள் நிலைக்கதவை அறுப்பதா என்று அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பே செதுக்கிய கதவு, அதில் இடம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது. நந்தி லா என்றார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். பசை காய வேண்டும் என்று அன்று யாரும் கூடத்துப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை நான் வேலை முடிந்து வந்து, குளித்து, கொஞ்சம் படுக்கலாம் என்று சாய்ந்தேன். சுவரில் மூன்று தட்டு. மூன்று தட்டினால் ஓடி வா என்று பொருள். பின்பக்கமாகப் போனேன். கூடத்தில் அண்ணன் கதவின் குமிழைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கதவு உள்ளே திறக்கிற கதவு. மூன்று விரல் அளவு திறந்து, புதுத் தரையில் முட்டி நின்றுவிட்டது. வெளியே வாசலில் கோலம், மாவிலைத் தோரணம், வாழைக்கன்று எல்லாம் தயார். மூன்று விரல் இடுக்கில் அவற்றைப் பார்க்க நன்றாக இருந்தது.

நானும் இழுத்தேன். அக்கா தரையில் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். அதன் பிறகு நாங்கள்தான் வழுக்கினோம். கதவு அசையவில்லை. அறுத்துவிடலாம் என்றேன். நல்ல நாளில் நிலைக்கதவில் வாள் வைப்பதா என்று அக்கா என் வாயை அடைத்தார். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பின்பக்கமாக வரச் சொல்லுங்களேன் என்றாள். பின்பக்கம் சாக்கடை. அதற்குப் பக்கத்தில் வரிசையாக எல்லா வீட்டுக் குப்பைத் தொட்டியும். வெற்றிலை நுனியைப் பார்க்கிற அந்த அம்மா சீர்த்தட்டோடு சாக்கடையைத் தாண்டி வருவதை எல்லாரும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தோம். மகளின் முகம் சுருங்கிவிட்டது. சிரிப்பதற்கு இந்த முறை அவளிடமும் ஒன்றும் இல்லை.

அக்கா மகளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"கழட்டிரு தம்பி."

இத்தனை வருடம் சுவரை ஒட்டி வாழ்ந்ததில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். காது கேட்டதைக் கை நம்பாமல் அப்படியே நின்றேன். மறுபடி சொன்னார்.

கீல் ஆணிகளைத் தட்டி எடுத்தால் கதவு வந்துவிடும். ஆனால் கீல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வருடா வருடம் பழைய பெயிண்டின் மேல் அடித்த பெயிண்டு அதை மூடியிருந்தது. கத்தியால் சுரண்டினேன். நீலம் போய் மஞ்சள், மஞ்சள் போய் பச்சை, பச்சை போய் ஒரு ரோஸ். ஒவ்வொரு நிறம் வரும்போதும் அண்ணன், இது நம்ம பாப்பா பள்ளிக்கூடம் போன வருசம், இது நான் காரு வாங்குன வருசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தட்டு எண்ண அனுப்பினோம். அறையில் மகளின் கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் டவுன் போக்குவரத்து விளக்குக்கு வந்துவிட்டார்களாம். கடைசி ஆணி கிளம்பியது. கதவை மேலிருந்து உள்பக்கம் சாய்த்து அலாக்காகத் தூக்கினோம்.

தூக்கிய கதவை எங்கே வைப்பது? அறைகளில் இடமில்லை, அங்கேதான் எடுத்தெறியாத எல்லாமும் இருந்தன. வெளியே வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்கள். நான் கதவைத் தாங்கிக்கொண்டு நிற்க, அக்காவின் கண்ணில் பழைய வெளிச்சம் திரும்பியது. இரண்டு மர ஸ்டூல்களை இழுத்துப் போட்டார். கதவை அதன் மேல் படுக்க வைக்கச் சொன்னார். தன் கல்யாணப் பட்டை எடுத்து வந்து அதன் மேல் விரித்தார். சீர்த்தட்டு வைக்கும் மேசை தயாராகிவிட்டது.

குமிழ் மட்டும் பட்டுக்கு அடியில் மொட்டாகத் துருத்திக்கொண்டு நின்றது. திருகிக் கழற்ற நேரமில்லை, வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பிள்ளையார் பிடிக்க அக்கா மஞ்சள் குழைத்து வைத்திருந்தார். குமிழைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார். குமிழின் மேல் ஒரு வெற்றிலையை வைத்து, மஞ்சளை அதன் மேல் அப்பி, உச்சியில் ஓர் அறுகம்புல்லைச் செருகினார். பிடித்து வைத்தால் பிள்ளையார் என்று சும்மாவா சொன்னார்கள். அவ்வளவு கம்பீரமான மஞ்சள் பிள்ளையாரை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

பையனின் அம்மா சீர்த்தட்டோடு வாசலுக்கு வந்தார். நிலையருகே நின்றுவிட்டார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். நிலையில் பாதிக் கீல்கள் ரோஸ் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே கீழே பார்த்தார். மகள் கதவில்லாத கூடத்தின் மூலையில் மூச்சை அடக்கி நின்றாள்.

"எத்தனையோ வீட்டுக்குப் பரிசம் போட போயிருக்கேன்," என்றார் அந்த அம்மா. "கதவத் தொறந்து வெச்சி வாங்கன்னுவாங்க. கழட்டி வெச்சிட்டு வாங்கன்னு கூப்புடறத இங்கதான் பாக்கறேன்."

அக்கா கண் இமைக்கவில்லை.

"நம்ம வூட்டுக்கு வர்ற சொந்தத்துக்குக் கதவு எதுக்குங்க சம்பந்தி? வலது கால வெச்சி வாங்க."

அந்த அம்மா வலது காலை வைத்து வந்தார். தட்டைப் பட்டின் மேல் வைத்தார். முதல் மரியாதையாகப் பிள்ளையாருக்கு நேர் எதிரே அவருக்கு நாற்காலி போட்டிருந்தோம். உட்காரும்போது அவர் முழங்கால் எதிலோ இடித்தது. குமிழ் கதவின் இரண்டு பக்கமும் இருக்குமே, அடியில் இருந்ததை யாரும் நினைக்கவில்லை. அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு குனிந்து பிள்ளையாருக்குக் குங்குமம் வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்தியென்றால் பக்தி. பரிசம் போட்டு முடிந்தது. அன்று தரையும் வெடிக்கவில்லை.

கல்யாணம் நடந்து பெண் புகுந்த வீட்டுக்குப் போனாள். மறுநாள் அக்கா பின்வேலிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பயந்துவிட்டேன். மகள் போன் செய்தாளாம். கோலா சுங்கை பாருவில் அவள் போய் இறங்கியபோது மாமியார் வீட்டு முன்கதவைக் கழற்றி வைத்திருந்தார்களாம். புதுக் கதவு, நல்ல கனம், தூக்கியதில் மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். உங்க அம்மா எங்களுக்குச் செஞ்ச மரியாதைய நான் அவங்க பொண்ணுக்குச் செய்ய வேணாமா என்றாராம் மாமியார். இன்னும் இரண்டு நாள் கதவை மாட்ட வேண்டாம், புள்ளைக்கு வேற வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"பாவமா இருக்கு தம்பி. உண்மைய சொல்லிரலாமா?"

"மேல ஒட்டியாச்சு. விடுங்கக்கா," என்றேன்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அவர் சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்த ஒரே நாள் அது. அன்று மாலை எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் நெத்திலி சம்பல் வந்தது, எந்தச் சண்டையும் இல்லாமல்.

அக்கா போன வருடம் இறந்துபோனார். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது அண்ணன் மட்டும்தான், அதுவும் பாதி நாள் மகள் வீட்டில். நானும் பகல் வேலைக்கு மாறிவிட்டேன். நிம்மதியாகத் தூங்கலாம். தூங்கத்தான் பிடிக்கவில்லை.

போன மாதம் என் மகனுக்குப் பரிசம் போட உம்பாய்க்குப் போனோம். பெண் வீட்டு வாசலில் கோலம், தோரணம், எல்லாம் இருந்தன. கதவு இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். பெண்ணின் மாமா, இதுதான் எங்க வழக்கம், வர்ற சொந்தத்துக்குக் கதவு இருக்கக் கூடாது என்று பெருமையாக விளக்கினார். என் மனைவி என் கையைக் கிள்ளினாள், சிரித்துவிடப் போகிறேன் என்று. நான் கீழே பார்த்தேன். தேய்ந்துபோன பழைய டைல்ஸ். அதன் மேல் யாரும் எதையும் ஒட்டவில்லை. இந்தக் கதவு எதிலும் முட்டியிருக்காது. எந்த அவசியமும் இல்லாமல் எங்களுக்காகவே கழற்றியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. வலது காலை வைத்து உள்ளே போனேன்.

உள்ளே ஒரு மேசை, பட்டு விரித்து. பட்டின் ஓரத்தில், நடுவில் வைக்காமல் சரியாக ஓரத்தில், கம்பீரமாக ஒரு மஞ்சள் பிள்ளையார். பிள்ளையார் விஷயம் அன்று அந்த வீட்டில் இருந்த எங்கள் நால்வருக்குத்தான் தெரியும். நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அண்ணன் அதை மறந்தே போனார். மகளும் யாரிடமும் சொல்லவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்திருக்கிறாள். யோசித்துக்கொண்டே நாற்காலியை இழுத்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த வயதான அம்மா கையை நீட்டி என்னைத் தடுத்தார். பெண்ணுக்கு ஒன்றுவிட்ட பெரியம்மாவாம். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. கோலா சுங்கை பாரு சம்பந்தியம்மா. முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இல்லை. தன் முழங்காலை மெதுவாகத் தடவிக்கொண்டே சொன்னார்.

"பாத்து உக்காருங்க தம்பி. அடியில இன்னொரு குமிழு இருக்கும்."